பன்னிரண்டு மாதமும் திராட்சை வெட்டும் கம்பம் பள்ளத்தாக்கு ஏன் ஒயின் பகுதி ஆகவில்லை?

கேள்வி இதுதான்: தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்கத் திராட்சை கிடைக்கிறது. மகாராஷ்டிரத்து நாசிக்கில் ஒரே ஒரு பருவம்தான். அப்படியிருந்தும் ஒயின் தொழிலும் அதைச் சுற்றிய சுற்றுலாவும் நாசிக் பக்கம் போனது எப்படி? கம்பமும் அப்படி ஆக முடியுமா?

ஆண்டு முழுக்க வெட்டு, அதாவது அறுவடை, இருப்பதுதான் முதல் காரணம். கம்பத்தின் பெருமையாக எதைச் சொல்கிறோமோ, அதுவே ஒயினுக்கு இடைஞ்சலாக நிற்கிறது. சட்டம், வரி, சந்தை எல்லாம் உண்டுதான், அவற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் கொடியைப் பார்த்துவிடுவோம்.

குளிர்நாடுகளில் திராட்சைக்கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். வசந்தத்தில் துளிர் கிளம்பும் மொட்டுகளான கண்கள் எல்லாமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழிக்கும். ஆண்டுக்கு ஒரு விளைச்சல், அதற்குமேல் கிடையாது. நம் வெப்பநாட்டில் கொடி உறங்குவதே இல்லை. இங்கே கவாத்துக் கத்தரிதான், அதாவது குச்சிகளை வெட்டிவிடுவதுதான், பருவத்தைத் தீர்மானிக்கிறது. கவாத்து செய்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டே வரலாம்: பத்துப் பன்னிரண்டு நாளில் துளிர், ஐந்தாறு வாரத்தில் பூ, ரகத்தைப் பொறுத்து 110 முதல் 140 நாளுக்குள் வெட்டு. ஆகவே எந்த மாதம் கவாத்து செய்கிறோம் என்பதும், ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறோம் என்பதும்தான் பழத்தின் குணத்தை முடிவு செய்கின்றன.

நாசிக்கில் ஆண்டுக்கு இரண்டு கவாத்து, ஆனால் ஒரே விளைச்சல். வெட்டு முடிந்ததும் ஏப்ரலில் செய்வது ‘கரட் சாட்ணி’. குச்சிகளை ஒன்றிரண்டு கண் மட்டும் விட்டு ஒட்ட வெட்டிவிடுவார்கள். ஏப்ரல், மே வெயிலில் புதுக் குச்சிகள் எழும். அடுத்த 40 முதல் 60 நாளுக்குள், குச்சியில் உருவாகும் கண்களுக்குள்ளேயே அடுத்த விளைச்சலின் குலைகள் கருவாகிவிடும். அந்த நாட்களில் மேகமூட்டம் அதிகமானால் குலை குறையும், காய்க்க வேண்டிய இடத்தில் வெறும் பற்றுச்சுருள் வரும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழையில் குச்சி முற்றும். பிறகு செப்டம்பர், அக்டோபரில் ‘கோடி சாட்ணி’. மராத்தியில் கோடி என்றால் இனிப்பு. அந்தக் கவாத்தில் வரும் குலைதான் ஜனவரி முதல் மார்ச் வரை வெட்டுக்கு வருவது. ஆறு மாதம் கொடி தன் உடம்பைத் தேற்றிக்கொள்கிறது, மீதி ஆறு மாதம் பழத்துக்கு உழைக்கிறது.

கம்பத்தில் ஒவ்வொரு கவாத்தும் விளைச்சல் கவாத்துதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி டிசம்பர்–ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல்–மேயில் வெட்டு. மே–ஜூனில் செய்தால் ஆகஸ்ட்–செப்டம்பரில் வெட்டு. நாட்களை நெருக்கிப் பிடித்தால் இரண்டு ஆண்டில் ஐந்து விளைச்சலும் எடுக்கலாம். சுருளிப்பட்டியில் ஒரு தோட்டம் பூவில் இருக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி, கூடலூர் என்று ஊருக்கு ஊர், தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் சந்தைக்குப் பழம் நிற்பதே இல்லை.

சாப்பிடும் பழத்துக்கு இது அருமையான ஏற்பாடு. ஒயினுக்கு இதில் சிக்கல் இருக்கிறது. இந்த விளைச்சல் பழுக்கும் அதே நேரத்தில் அடுத்த விளைச்சலுக்கான கண்களையும் கொடி தயார் செய்ய வேண்டும். வேரிலும் தண்டிலும் மாவுச்சத்தைச் சேர்த்துக்கொள்ளவும் வேண்டும். இலை சமைத்துத் தரும் சர்க்கரைக்கு மூன்று பக்கமும் கை நீட்டினால் பழத்துக்குப் போவது குறையும். கம்பத்தின் முக்கிய ரகமான பன்னீர் திராட்சைக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் சராசரி விளைச்சல் ஆண்டுக்கு எக்டேருக்கு 30 டன், அதாவது ஏக்கருக்கு 12 டன். நல்ல ஒயினுக்காக வளர்க்கும் தோட்டங்களில் அதில் பாதியே அதிகம் என்பார்கள்.

இதை எண்ணில் பார்த்தால் தெளிவாகும். சாற்றின் சர்க்கரையை பிரிக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு பிரிக்ஸ் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை. சாறு நொதிக்கும்போது லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் 1 சதவீத ஆல்கஹால் வரும். சந்தைக்கு வெட்டும் பன்னீர் திராட்சை பொதுவாக 15 முதல் 18 பிரிக்ஸுக்குள் இருக்கும். 16 என்று வைத்தால் 9 சதவீதத்தைத் தாண்டுவது கடினம். புளிப்பும் மெலிந்து, ஆல்கஹாலும் குறைந்த சிவப்பு ஒயின் வாயில் தண்ணீர்போலத் தெரியும், சீக்கிரம் கெட்டும் போகும். இனிப்பு மிஞ்சாத ‘உலர்ந்த’ ஒயினுக்கு 12, 13 சதவீதம் வேண்டுமானால் பழம் 22 பிரிக்ஸை ஒட்டி இருந்தாக வேண்டும். சர்க்கரையைக் கொட்டி ஈடுகட்டலாம் என்பவர்கள் உண்டு. ஆல்கஹால் ஏறும், சுவை ஏறாது. பழத்தில் இல்லாத சாரத்தை வெள்ளைச் சர்க்கரை தராது.

அடுத்தது இரவின் குளிர். பழம் பழுக்கும்போது அதிலுள்ள புளிப்புத் தரும் மாலிக் அமிலத்தைப் பழமே மூச்சுவிடுவதற்குச் செலவழித்துக்கொண்டே இருக்கும். இரவு சூடாக இருந்தால் செலவு கூடும், புளிப்பு மளமளவென்று இறங்கும். நாசிக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர், 20 பாகை வட அட்சம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போவது சாதாரணம். அதே மாவட்டத்து நிபாட் பக்கம் இன்னும் கீழே இறங்கும். பழம் சர்க்கரை ஏற்றும் வாரங்கள் அவை. கம்பம் சுமார் 400 மீட்டர் உயரத்தில், பத்து பாகைக்கும் குறைந்த அட்சத்தில் இருக்கிறது. மேகமலையும் ஏலமலையும் இரண்டு பக்கம் நின்று காற்றைக் குளிர்விக்கின்றன, உண்மைதான். ஆனால் நாசிக்கின் அந்தக் கடுங்குளிர் இங்கே எந்த மாதத்திலும் வருவதில்லை. ஏப்ரல்–மே வெட்டில் சர்க்கரை நன்றாக ஏறும், புளிப்பு போய்விடும். ஆகஸ்ட் வெட்டில் புளிப்பு நிற்கும், சாரலும் மேகமும் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, நாசிக் மாதிரியே அக்டோபரில் கவாத்து செய்து ஜனவரி, பிப்ரவரியில் வெட்டினால் என்ன? இங்கேதான் இரண்டு நாட்டுப்புறங்களும் பிரிகின்றன. நாசிக்கில் தென்மேற்குப் பருவமழை விலகும்போது கவாத்து. அதன்பிறகு வெட்டு வரை வானம் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். நமக்கு அக்டோபரில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. குளிர்ந்த மாதத்தில் பழுக்க வேண்டிய குலை, அடைமழையில் பூத்தாக வேண்டும். இளந்தளிரும் பூவும் நனைந்தே கிடந்தால் அடிச்சாம்பல் நோய்க்கு விருந்து வைத்த மாதிரி. முதலில் இலையின் மேல்பக்கத்தில் எண்ணெய் சிந்தியதுபோல மஞ்சள் பொட்டு தெரியும். காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் வெள்ளைப் பஞ்சு படிந்திருக்கும். அது பூங்கொத்தில் ஏறிவிட்டால் மூன்று நாளில் குலை பழுப்பாகிச் சுருண்டுவிடும், அந்தப் பருவமே போச்சு. அந்த மாதங்களில் கவாத்து செய்யும் கம்பம் விவசாயி, விலைக்காகத் துணிந்து, மருந்துக்குப் பணத்தைக் கொட்டிச் செய்கிறார். அந்தப் பழம் மருந்து எச்சத்தோடுதான் வரும். ஈஸ்டும் ஒரு பூஞ்சைதானே, பூஞ்சைக்கொல்லி மிச்சமிருக்கும் சாற்றில் நொதித்தல் திக்கித் திணறும்.

மருந்து என்றதும் போர்டோ கலவையைச் சொல்லாமல் போக முடியாது. பெயரே ஓர் ஒயின் ஊரின் பெயர். பிரான்சின் போர்டோவுக்கு அருகே மெதோக் பகுதியில், சாலையோரப் பழத்தைத் திருடாமலிருக்கக் கொடிகளில் தாமிர உப்பையும் சுண்ணாம்பையும் தெளித்து வைப்பார்கள். அந்த வரிசைகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதை 1882இல் கவனித்தவர் போர்டோ பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் மில்லார்தே. 1885இல் அதை வெளியிட்டார். கம்பத்துத் தோட்டங்களும் இன்றுவரை அதைத்தான் நம்புகின்றன. ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் டிரம்மில் கரைக்க வேண்டும். 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை வேறொரு 50 லிட்டரில் நீர்த்து வடிகட்ட வேண்டும். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. பளபளவென்று தேய்த்த கத்தியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சிவிட்டது, அப்படியே அடித்தால் இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் திரிந்துவிடும். காய் பிடித்த பிறகு இதைக் குறைத்துக்கொள்வது நல்லது. பழத்தோலில் செம்பு தேங்கினால் நொதித்தலும் கெடும், நிறமும் மங்கும். சாம்பல் நோய்க்கு அடிக்கும் நனையும் கந்தகத்துக்கும் இதே எச்சரிக்கை: வெட்டுக்கு ஐந்தாறு வாரம் முன்பே நிறுத்தாவிட்டால் தொட்டியில் அழுகிய முட்டை வாடை எழும்.

பந்தலுக்கும் இதில் பங்கு உண்டு. கல்தூண் நட்டு, ஆள் உயரத்துக்குமேல் கம்பி இழுத்து, கொடியைக் கூரைபோலப் படரவிடுவது நம் முறை. குலைக்கு வெயில் சுடாது, விளைச்சல் கூடும், நடந்துபோய் வெட்ட வசதி. ஆனால் கூரைக்குக் கீழே நிழலும் ஈரமும் தேங்கும். நாசிக்கில் ஒயின் ரகங்களைச் செங்குத்துக் கம்பிவேலியில் நிறுத்திவைக்கிறார்கள், குலைமீது காற்றும் காலை வெயிலும் படுகின்றன. உரமும் வேறு கணக்கு. காய் பெருக்கவும் நிறம் ஏறவும் நாம் பொட்டாஷைத் தாராளமாக வைக்கிறோம். பழத்தில் பொட்டாசியம் மிஞ்சினால் அது டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்துவிடும். புளிப்பு குறையக் குறைய ஏறும் அளவான பிஎச், சாற்றில் 3.8, 4 என்று போகும். 3.6ஐத் தாண்டிய சாற்றில் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துவது பெரும்பாடு.

இவ்வளவு சொன்னதால் பன்னீர் திராட்சை மட்டமான இனம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அலெக்சாண்ட்ரியா மஸ்கட்டும் பிளாக் ஹாம்பர்கும் கலந்து, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவானது. நம்மூருக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பது இங்கே வழங்கும் வரலாறு. கலிபோர்னியாவில் இதையே பிளாக் மஸ்கட் என்று சொல்லி இனிப்பு ஒயின் செய்கிறார்கள், சீனாவிலும் ஒயினுக்குப் பயன்படுகிறது. பழத்தை நசுக்கியதும் எழும் ரோஜா வாசனைக்குக் காரணம் ஜெரானியால், லினலூல் போன்ற மணப்பொருள்கள். அதே ஜெரானியால்தான் ரோஜாப் பன்னீரிலும் மணக்கிறது. நம் ஆட்கள் வேதியியல் பார்க்காமலே சரியான பெயரை வைத்துவிட்டார்கள். 2023இல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இனி நாசிக்கின் கதை. அங்கேயும் ஒயின் பழைய வழக்கமல்ல. 1990கள் வரை அது தாம்சன் விதையில்லாத் திராட்சை நாடு, பிம்பள்காவ் பஸ்வந்த் சந்தையின் நாடு. இந்தியாவின் இன்றைய ஒயின் முதலில் தலையெடுத்தது வேறு இடங்களில்: 1980களில் புனே மாவட்டத்து நாராயண்காவில், பிறகு 1988இல் பெங்களூருக்கு அருகே நந்திமலை அடிவாரத் தொட்டபள்ளாபுரத்தில். நாசிக்கில் கங்காபூர் அணைக்குப் பக்கத்தில் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா நிறுவனம் 2000ஆம் ஆண்டு வாக்கில்தான் முதல் புட்டியை விற்றது. அடுத்த ஆண்டே, 2001இல், மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. மாநிலத்துப் பழத்தில் செய்யும் ஒயினுக்கு ஆயத்தீர்வை விலக்கு, நாசிக் மாவட்டத்து விஞ்சூரிலும் சாங்லி மாவட்டத்துப் பலூசிலும் ஒயின் பூங்கா. எல்லாவற்றையும்விடப் பெரியது, ஒயினரி தன் வாசலிலேயே சுவைக்கக் கொடுத்து விற்கலாம் என்பது. சாராயத்தோடு ஒயினையும் ஒரே மூட்டையில் கட்டாமல், பழக்கூழ் தொழிற்சாலைபோல விவசாயத் தொழிலாக எண்ணினார்கள். அந்த ஒரு முடிவு கிராமங்களை மாற்றியது.

திண்டோரியை எடுத்துக்கொள்ளுங்கள். நாசிக்கிலிருந்து வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள ஒரு தாலுகா ஊர். தக்காளியும் திராட்சையும் ஏற்றிய டெம்போக்கள் ஓடிய சாலையில் இன்று ஒயினரிப் பலகைகள் நிற்கின்றன. பிரான்சின் ஷாந்தோன் நிறுவனமும் அங்கேதான் நுரை ஒயின் செய்கிறது. மும்பை நாலைந்து மணி நேரத் தொலைவில் இருப்பதால் சனி, ஞாயிறுகளில் கார்கள் வருகின்றன. ஓட்டுநர், சமையல்காரர், விடுதிப் பணியாள் என்று பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்குத் தோட்டத்துக்கு வெளியேயும் வேலை கிடைக்கிறது. 2010இல் ‘நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்’ புவிசார் குறியீடு பெற்றது.

ஆனால் நாசிக் விவசாயி அடிபட்டதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கம்பத்துக்கு அதில்தான் பாடம். கொள்கை வந்த வேகத்தில் ஒயினரிகள் பெருகின. ஷிராஸ், கபர்னே சோவின்யோன், சோவின்யோன் பிளாங்க், ஷெனின் பிளாங்க் ரகங்களை விவசாயிகள் ஒப்பந்தத்தை நம்பி நட்டார்கள். 2008 பொருளாதாரச் சரிவும், அந்த நவம்பரில் மும்பை தாக்குதலும் வந்தபோது விற்பனை விழுந்தது. தொட்டிகளில் ஒயின் தேங்கியது, புதுப் பழத்தை வாங்க ஆளில்லை. ஒயின் ரகப் பழம் சிறியது, தடித்த தோல், உள்ளே பெரிய விதை. சந்தையில் கிலோ என்ன விலைக்கும் போகாது. நிறையப் பேர் கொடிகளைப் பிடுங்கிவிட்டுச் சாப்பாட்டு ரகத்துக்கே திரும்பினார்கள்.

இந்த ஆபத்து பன்னீர் திராட்சைக்கு இல்லை. ஒயினரி வாங்கவில்லையென்றால் மறுநாள் காலை குமுளி வழியாகக் கேரளத்துக்கு ஏற்றிவிடலாம், மதுரைக்கு அனுப்பலாம், சுருளி அருவிக்குப் போகிறவர்களிடம் சாலையோரத்திலேயே விற்கலாம். எனவே கம்பத்து விவசாயியிடம் ஷிராஸ் நடச் சொல்வது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். நாசிக்கைப் பார்த்துச் சிவப்பு ஒயினுக்கு ஆசைப்படவே கூடாது.

கம்பம் பார்க்க வேண்டிய ஊர் நாசிக் அல்ல, இத்தாலியின் கனெல்லி. பீட்மாண்ட் பகுதியில் அஸ்தி மாவட்டத்துச் சிற்றூர் அது, மக்கள்தொகை பத்தாயிரம் அளவுதான். ஊருக்கு அடியில் குடைந்த நிலவறைகள் 2014இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அந்த ஊரை வாழவைப்பது வெள்ளை மஸ்கட் திராட்சை, நம் பன்னீருக்கு நெருங்கிய சொந்தம். அவர்கள் அதை 13 சதவீத ஒயினாக்கப் போராடுவதில்லை. மொஸ்காத்தோ தாஸ்தி என்ற லேசான நுரை ஒயினில் ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், மீதிச் சர்க்கரை இனிப்பாகவே நிற்கும். சாற்றைப் பிழிந்து தெளியவைத்து உறைநிலைக்கு அருகே குளிர்பதனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். தேவைக்கேற்ப மூடிய தொட்டியில் நொதிக்கவிட்டு, 5 சதவீதம் வந்ததும் மறுபடி குளிர்வித்து நொதித்தலை நிறுத்தி வடிகட்டிவிடுகிறார்கள்.

நம் 16 பிரிக்ஸ் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 160 கிராம் சர்க்கரை. 5 சதவீதத்துக்கு 85 கிராம் கரையும், 75 கிராம் மிஞ்சும். இளஞ்சிவப்பு நிறம், ரோஜா மணம், குறைந்த போதை. உலர்ந்த ஒயினுக்குப் போதாத பழம் இதற்குத் தாராளமாகப் போதும். புளிப்பு மட்டும் குறையும். அதற்கு வெட்டை நாலைந்து நாள் முன்னே தள்ளலாம், இல்லையென்றால் டார்டாரிக் அமிலம் லிட்டருக்கு 1, 2 கிராம் சேர்க்கலாம். தோலோடு ஊறவிடுவது சில மணி நேரம் போதும், நாள்கணக்கில் விட்டால் மஸ்கட் இனத்துக்கே உரிய கசப்பு இறங்கிவிடும்.

முன்பு இடைஞ்சலாக இருந்த ஆண்டு முழுக்க வெட்டு இங்கே கைகொடுக்கிறது. நாசிக் ஒயினரி மூன்று மாதத்துக்குள் எல்லாப் பழத்தையும் அரைத்தாக வேண்டும். அதற்காகவே நூற்றுக்கணக்கான டன் கொள்ளளவுக்குத் தொட்டி வாங்குகிறது, மீதி மாதங்களில் அவை அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். ஒரு டன் பழத்தில் 650 முதல் 700 லிட்டர் சாறு வரும். கம்பத்தில் 2,000 லிட்டர் தொட்டி ஒன்றை 3 டன் பழத்தால் நிரப்பி, மூன்று வாரத்தில் முடித்து, கழுவி, அடுத்த தோட்டத்துப் பழத்தை ஏற்றலாம். மழைக்கால வெட்டை ஒதுக்கிவிட்டாலும் ஆண்டுக்குப் பத்து முறையாவது அதே தொட்டி ஓடும். மஸ்கட் ஒயின் புதிதாக இருக்கும்போதுதான் மணக்கும் என்பதால் மாதாமாதம் புதுச் சரக்கு வருவது இன்னும் நல்லது.

கெடும் இடங்களும் நிறைய உண்டு. வெட்டு விடிவதற்கு முன் தொடங்கி எட்டு மணிக்குள் முடிய வேண்டும். பழத்தை 15, 20 கிலோ பிளாஸ்டிக் கிரேட்டில் தளரவே அடுக்க வேண்டும். அடிப்பழம் நசுங்கிச் சாறு கசிந்தால் வெயிலில் அங்கேயே காட்டு ஈஸ்டும் காடி பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். அரைத்தவுடன் டன்னுக்கு காட்டு ஈஸ்டையும் பாக்டீரியாவையும் அடக்க 80 முதல் 100 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் சேர்க்க வேண்டும். நொதித்தல் 15, 16 பாகையில் நடக்க வேண்டும். 28 பாகைக்குப் போனால் ரோஜா மணமெல்லாம் கரியமில வாயுவோடு பறந்துவிடும், எனவே குளிர்விக்கும் உறை போட்ட தொட்டியும் நம்பகமான மின்சாரமும் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. கடைசி ஆபத்துதான் பெரியது: 5 சதவீத ஆல்கஹாலில் ஈஸ்ட் சாகாது. புட்டியில் 75 கிராம் சர்க்கரையோடு ஒரு துளி ஈஸ்ட் தங்கினாலும் மறுபடி நொதித்து அழுத்தம் ஏறும், புட்டி வெடிக்கும். 0.45 மைக்ரான் சல்லடையில் வடிகட்டி, கிருமி நீக்கிய புட்டியில் அடைத்து, விற்கும்வரை குளிரில் வைத்தாக வேண்டும்.

சட்டத்தின் சிக்கல் இங்கேதான் தொழில்நுட்பச் சிக்கலாகவே மாறுகிறது. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக்கிடம் மட்டுமே இருக்கிறது. உரிமம் வாங்கி ஒயின் தயாரித்தாலும் அது கிடங்கு, லாரி, கடை என்று போக வேண்டும். மே மாத வெயிலில் குளிர்பதனம் இல்லாத அலமாரியில் நாலு வாரம் நின்ற மஸ்கட் ஒயினில் மணம் இருக்காது. இந்த வகை ஒயின் பிழைக்க வேண்டுமென்றால், செய்த இடத்திலேயே குளிரோடு விற்கும் அனுமதி வேண்டும். மகாராஷ்டிரம் ஒயினரி வாசலில் விற்கவிட்டதுபோல. கம்பத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் குமுளியும் தேக்கடியும் இருக்கின்றன, அங்கே வருகிறவர்களில் ஒரு பகுதியே போதும். உரிமமில்லாமல் வீட்டிலோ தோட்டத்திலோ ஒயின் செய்து விற்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆர்வக்கோளாறில் யாரும் அதில் சிக்கிக்கொள்ள வேண்டாம்.

அனுமதி வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. மேலே சொன்ன வேலைகளில் பாதி, ஆல்கஹால் இல்லாத நல்ல பன்னீர் திராட்சைச் சாற்றுக்கும் அப்படியே பொருந்தும். அதற்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் போதும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, சாற்றின் பிரிக்ஸை அளக்கும் கைரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குவது. தோட்டத்தின் நாலு மூலையிலும் நடுவிலுமாக வெவ்வேறு கொடிகளில், குலையின் தோள், நடு, நுனி மூன்றிலிருந்தும் கலந்து 100 பழம் பறித்து, பையில் போட்டு நசுக்கி, கலங்கிய சாற்றில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். நன்றாகக் கறுத்த பழமாகப் பொறுக்கினால் கணக்கு பொய்யாகிவிடும், பன்னீர் திராட்சை ஒரே குலையிலேயே ஒரே சீராகப் பழுக்காத இனம். கவாத்து நாள், வெட்டு நாள், பிரிக்ஸ், பிஎச், அந்த வாரத்து மழை ஆகிய ஐந்தையும் நோட்டில் குறியுங்கள். ஆனைமலையன்பட்டியில் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அளவுகளைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஓர் ஊரில் பத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு ஆண்டு இப்படிக் குறித்துவைத்தால், எந்த மாதக் கவாத்தின் பழம் சாற்றுக்கும் ஒயினுக்கும் தகும், எது மண்டிக்கே போக வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். முதலீட்டோடு யார் வந்தாலும் அவரிடம் முதலில் காட்ட வேண்டிய தாள் அதுதான்.